ஜெயித்த பிறகும் டூப்பர் இறங்குகிறதே, ஏன்?

கிளப்பில் பிக்கிள்பால் இரட்டையர் ஆட்டத்தை 11-9 என்று ஜெயித்தும் உங்கள் டூப்பர், அதாவது ஆட்டத் திறனை எண்ணில் சொல்லும் DUPR மதிப்பீடு, 3.42-இலிருந்து 3.39-க்கு இறங்கிவிட்டது, ஸ்கோரைத் தப்பாகப் பதிந்துவிட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை. எதிரே ஆடியவர்கள் இருவரும் 3.0 பக்கம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

2-இலிருந்து 8 வரை போகும் இந்த மதிப்பீடு, ஜெயித்தீர்களா என்று மட்டும் பார்ப்பதில்லை. நால்வரின் மதிப்பீட்டையும் வைத்து, ஸ்கோர் எப்படி வர வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போடுகிறது. உங்கள் ஜோடி 11-6 போல ஜெயிக்கும் என்று அது எதிர்பார்த்திருந்தால், 11-9 குறைவுதான். அதே கணக்கில், பலமான ஜோடியிடம் 9-11 என்று தோற்றால் ஏறவும் செய்யும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வருவதால், 8-2 என்று முன்னால் இருக்கும்போதும் வலைக்குப் பக்கத்தில் இருக்கும் கிச்சன் கோட்டில் ஒரு டிங்க்கை, அதாவது வலைக்கு மேலே மெதுவாகத் தட்டிவிடும் பந்தை, அலட்சியமாகத் தூக்கிக் கொடுக்க மனம் வராது.

அப்புறம், மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பகத்தன்மை சதவீதத்தைப் பாருங்கள். அது 60-க்குக் கீழே இருந்தால், எண் இப்படித்தான் ஆடும். இறங்குகிறதே என்று ஸ்கோர் பதிவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சதவீதம் ஏற, வேறு வேறு ஆட்களோடு இன்னும் பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடிப் பதியுங்கள்.