தூணை விடுங்க, தாத்தா உட்கார்ந்த விதத்தைப் பிடிங்க

திருவையாறு வீட்டுத் திண்ணையில தாத்தா சாய்ஞ்சு உட்கார்ந்த தூணை மாதிரியே நேரா நாற்காலி முதுகை வச்சா முதுகு வலிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. வலிக்கத்தான் செய்யும், முதுகுச்சாய்வு 10-15 டிகிரியாவது பின்னால போகணும். தாத்தா ஒரு காலை மடக்கித்தானே சாய்ஞ்சிருப்பார்? அதுதான் உங்க நாற்காலி. உட்காரும் பலகைக்கு வழக்கமான 18 அங்குல அகலம் போதாது, 24 கொடுங்க. தரையிலிருந்து அதோட உயரம் 15 அங்குலம் போதும். மடக்குற கால் பக்கம் கைப்பிடி வேண்டாம் (ஆசாரி முறைப்பார், பரவாயில்லை).

மரத்துக்குப் பூவரசு, நம்ம வாய்க்கால் கரையிலேயே கிடைக்கும். வளைஞ்ச பின்காலை நேர்ப்பலகையில அறுக்காதீங்க. வளைவுல மர ரேகை (நார் ஓடுற வரி) குறுக்கே ஓடி அங்கேயே முறியும். தானா வளைஞ்ச கிளையில எடுத்தா ரேகையும் கூடவே வளையும். நல்லா காய வைங்க. பச்சை மரத்துல கழுந்து (துளையில செருகுற முனை) போட்டா நாளாக நாளாக ஆடும். நல்ல மரத்தை அறுக்கிறதுக்கு முன்னாடி பெட்டிப் பலகையில மாதிரி நாற்காலி ஒண்ணு அடிச்சு உட்கார்ந்து பாருங்க.