கேள்வி - பதில்: புரோகிராமிங் வேலைக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: மென்பொருள் எழுத லேப்டாப் வாங்கப்போகிறேன். 8 ஜிபி ரேம் போதுமா? கிராஃபிக்ஸ் கார்டு அவசியமா?

பதில்: 8 ஜிபி போதாது. எடிட்டர், பிரவுசர், டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி), ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலி ஆண்ட்ராய்டு போன்) நான்கையும் ஒன்றாகத் திறந்தாலே ரேம் நிரம்பிவிடும். மிச்சத்தை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தள்ளி, அங்கிருந்து திரும்ப எடுப்பதிலேயே நேரம் போய், எல்லாம் தவழ ஆரம்பிக்கும். 16 ஜிபியாவது இருக்கட்டும். 32 என்றால் நிம்மதி. ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட்டில் செருகியதா என்று முதலில் பாருங்கள். பற்றவைத்ததைப் பின்னால் கூட்ட முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை.

ரொம்ப மெல்லிய மாடல்களில் ஒரு சிக்கல்: நீண்ட கம்பைலில் (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் வேலையில்) சூடேறியதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேம், மெஷின் லேர்னிங் பக்கம் போகாதவருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வெறும் சுமை, பேட்டரியையும் தின்னும். ஐபோன் செயலி எழுதுவதென்றால் மேக் வாங்குங்கள். அதற்கான ஆப்பிள் மென்பொருளான எக்ஸ்கோடு, மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில்தான் ஓடும்.