இந்தியில் 'மிஸ்' பண்ணினேன் என்பதை எப்படிச் சொல்வது?

ட்ரெயினை மிஸ் பண்ணியதைச் சொல்ல நினைத்து 'மைனே ட்ரெயின் சோட் தீ' என்று சொன்னதற்கு டெல்லி நண்பர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சோட்னா என்றால் நாமே விடுவது, அதனால் வேண்டுமென்றே ரயிலை விட்டதாக அவர்கள் காதில் விழுந்திருக்கும். தமிழில் 'ட்ரெயினை விட்டுட்டேன்' என்பது ரெண்டுக்கும் செல்லும், இந்தியில் அந்தச் சலுகை கிடையாது. 'மேரி ட்ரெயின் சூட் கயீ' (என் ட்ரெயின் தவறிப் போனது) என்று சொல்லுங்கள், இதில் ரயில்தான் எழுவாய், ரயில் அங்கே பெண்பால் என்பதால் கயீ. பஸ்ஸும் அப்படியே. ஆளை மிஸ் பண்ணினால் இந்த வினையே வராது, 'முஜே தும்ஹாரி யாத் ஆயீ', அதாவது எனக்கு உன் ஞாபகம் வந்தது என்பார்கள். குறி தப்பினால் சூக்னா: 'நிஷானா சூக் கயா'. அப்புறம், மிஸ்டு கால் அங்கேயும் மிஸ்டு கால்தான், அதை மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.