அக்கி எழுத வேண்டாம், விளக்கை அணையுங்கள்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்களுடைய பழைய வீடு. கார்த்திகை மழை பிடித்ததிலிருந்து ராத்திரியில் ஒரே பூச்சி. போன வாரம் என் மாமியாருக்கு (68) கழுத்தில் சூடு இழுத்த மாதிரி சிவப்புக் கோடு, மறுநாள் கொப்புளம். அக்கி என்று காவியால் எழுதியாயிற்று. நேற்று என் மகனுக்கும் (9) முழங்கையில் அதே மாதிரி, படம் இணைத்திருக்கிறேன். அக்கி ஒட்டிக்கொள்ளுமா? அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், குளிர் வந்தால் அங்கேயும் பூச்சி வீட்டுக்குள் ஒதுங்கும் என்கிறார். அதே பூச்சிதானா?

பதில்: மகனின் படத்திலேயே விடை இருக்கிறது. முழங்கை மடிப்புக்கு மேலே ஒரு கொப்புளம், கீழே அதே அளவில் இன்னொன்று. ஈர மையோடு காகிதத்தை மடித்தால் எதிர்ப்பக்கமும் பதியுமே, அப்படி. அக்கி இந்த மாதிரி அச்சுக் குத்தாது. இது ஆசிட் பூச்சியின் வேலை.

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, எறும்பு போன்ற வண்டு அது. தலை கறுப்பு, நடு உடல் ஆரஞ்சு, முதுகில் கருநீலக் குட்டிச் சிறகு, வால் நுனி மறுபடி கறுப்பு. ஓடும்போது வாலைத் தூக்கும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் கழுத்தில் ஊர்வதை நாம் தேய்த்து நசுக்குகிறோம். உடலில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. தேய்த்த வழியெல்லாம் கோடு. உடனே எரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் பூச்சி மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வயலில் இது நல்ல பிள்ளை. நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும். கண்மாய் நிறைந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் பெருகி, ராத்திரி வெளிச்சத்தைத் தேடி வரும். உங்கள் வீட்டில் வாசலை அடைத்து என்ன செய்ய? முற்றம் வானத்துக்குத் திறந்தே கிடக்கிறது. கொழுந்தனார் சொல்வது வேறு கதை. அங்கே பொறிவண்டும் நாற்றப்பூச்சியும் பனிக்காலத்தைத் தூங்கிக் கழிக்கச் சுவர் இடுக்கில் புகுந்து, வசந்தத்தில் வெளியேறும். நம் ஊர்ப் பூச்சி குளிருக்கு ஒதுங்கவில்லை, டியூப் லைட்டுக்கு வருகிறது.

மாமியாரை மட்டும் ஒருமுறை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அந்த வயதில் அக்கி வருவது சகஜம். கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் குத்தலும் எரிச்சலும் இருந்ததா, ஒரு பக்கமாகவே பட்டையாகப் பரவுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் மாத்திரை வேண்டும். தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, தாண்டிவிட்டாலும் காட்டுங்கள். அக்கி அக்கியாக ஒட்டாது; ஆனால் சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளைக்குக் கொப்புள நீர் பட்டால் அம்மை வரலாம்.

சின்ன வயதில் எனக்கும் வேளார் ஒருவர் அக்கி எழுதியிருக்கிறார். காவி காயும்போது குளுகுளுவென்றிருக்கும், மறுக்கவில்லை. பூச்சிப் புண் பத்துப் பதினைந்து நாளில் தானாக ஆறும், பெயர் காவிக்குப் போகும். உடைந்த கொப்புளத்தில் மண் போனால் சீழ் பிடிக்கும், அதுதான் என் பயம். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பும் பற்பசையும் கிட்டேயே வர வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். எரிச்சல் தாங்காவிட்டால் ஸ்டீராய்டு களிம்பு உண்டு; அதை மருத்துவர் எழுதித் தரட்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

படுக்குமுன் தலையணையையும் போர்வையையும் உதறுங்கள். கொசுவலை கட்டுங்கள். படுக்கும் இடத்து விளக்கை அணைத்துவிட்டு, வேண்டுமானால் முகப்பில் ஒன்றை எரியவிடுங்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் உடனே கழுவுங்கள். அந்தக் கையோடு மகன் கண்ணைக் கசக்கிவிட்டால் தண்ணீரால் நன்றாக அலசி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.