கச்சிப் பாத்திமா மூலிகையைத் திசு வளர்ப்பில் பெருக்கப் பார்க்கிறீர்கள், புட்டியில் வைத்த இலைத்துண்டு ஐந்தே நாளில் கறுத்துப்போகிறது, பூஞ்சையோ என்று பதிவில் கேட்டிருந்தீர்கள்.

அது பெரும்பாலும் பூஞ்சை இல்லை. வெட்டுக்காயத்தில் கசியும் பீனால் என்ற செடியின் சொந்தச் சேர்மம் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. கிருமிநீக்கத்துக்கு குளோராக்ஸ் வெளுப்பானை இன்னும் கூட்டினால் இலைதான் வெந்துபோகும்.

முதலில் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துண்டைச் சுற்றி ஊடகம் (துண்டு வளரும் சத்துக்கூழ்) தெளிவாக, தேநீர் நிறத்தில் இருந்தால் பீனால். பால்போல் கலங்கியிருந்தால் பாக்டீரியா. அப்படியானால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பீனால்தான் என்றால் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) என்ற வழக்கமான ஊடகத்தின் உப்பைப் பாதியாக்கி, லிட்டருக்கு 100 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் சேருங்கள். உங்கள் பதிவைப் பார்த்தால் அந்த அமிலத்தை ஆட்டோகிளேவுக்கு (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலம்) முன்பே போட்டதுபோல் தெரிகிறது. 121 டிகிரியில் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். அமிலக் கரைசலைக் கிருமி நீக்கும் நுண்வடிகட்டியில் வடித்து, ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். அப்புறம் முதல் வாரம் இருட்டில் வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். அலுப்பான வேலைதான்.

கரித்தூள் போடலாம், ஆனால் அது ஊடகத்தில் போட்ட வளர்ச்சி ஹார்மோனையும் உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு அது கடைசி வழி.

துண்டு எடுக்கும் தாய்ச்செடிக்காகப் பினாங்குக் கொடிமலைக் காட்டில் கைவைக்காதீர்கள். காட்டில் பிடுங்கிப் பிடுங்கித்தான் இந்தச் செடி குறைந்துபோனது. வனத்துறை அனுமதியும் வேண்டும். நாற்றங்காலில் வாங்கிய தொட்டிச்செடியின் இளந்தளிர் போதும், அழுக்கும் குறைவு.

பிள்ளை பெற்ற அக்காவுக்கு இந்தச் செடியின் கஷாயம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மலாய்க்காரர் வழக்கம்தான், ஆனால் பால் கொடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.