அமேசிங் ஸ்பைடர்-மேன் 121: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை ஒரே ஒரு இதழைப் பற்றித்தான் பேச்சு. 1973 ஜூன் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்-மேன் 121. பீட்டர் பார்க்கரின் காதலி க்வென் ஸ்டேசியை வில்லன் கிரீன் காப்ளின் தூக்கிப்போய்ப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிட, அவள் இறந்துபோகும் கதை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இதை எழுதியது ஸ்டான் லீதானே?

இல்லை. அவர் 110ஆம் இதழோடு இந்தத் தொடரை எழுதுவதை விட்டுவிட்டார். அடுத்த இதழிலிருந்து ஜெர்ரி கான்வே. 121 கடைக்கு வந்தபோது அவருக்கு 20 வயது. பென்சில் படம் கில் கேன், மை தீட்டியவர் ஜான் ரொமிடா, இதழாசிரியர் ராய் தாமஸ். கதையில் ஒரு சாவு வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது முதலில் அடிபட்ட பெயர் பீட்டரை வளர்த்த மே ஆன்ட்டி. க்வென் என்று மாற்றியவர் ரொமிடா. மில்டன் கேனிஃப் 1941இல் தன் 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' தினசரிப் படக்கதையில் ரேவன் ஷெர்மன் என்ற பெண்ணைச் சாகடித்தது ரொமிடாவின் மனதிலிருந்து அகலவே இல்லை. வயதானவர் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது என்று அவர் நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார்.

கேள்வி: தமிழ் லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் இந்த ஸ்பைடர்-மேன்தானா?

இல்லை. அந்த ஸ்பைடர் 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவன். குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பிறகு நல்லவனாக மாறியவன். அவனுடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவனைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இங்கே கலக்க வேண்டாம்.

கேள்வி: உறவினர் வீட்டில் 121 கிடைத்தது. அட்டையின் ஓரம் கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகி, எண்ணெய் இறங்கியதுபோல் தாளுக்குள் ஊறிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. லாமினேஷன் அதைவிட மோசம். கிழிசலோடு இருக்கும் பிரதி பிரதிதான், லாமினேட் செய்த பிரதி போனது போனதுதான். துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னையும் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். அமிலம் சேராத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, காமிக்ஸுக்கென்றே விற்கும் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

அதற்கு முன்னால் அது அசல்தானா என்று பாருங்கள். அசலின் அட்டையில் விலை 20 சென்ட். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இதழ் எண்ணும் மாதமும் இருக்கும். இந்தக் கதை மார்வெல் டேல்ஸ் என்ற மறுபதிப்புத் தொடர் உட்பட எத்தனையோ வடிவங்களில் மறுபதிப்பாகியிருக்கிறது.

கேள்வி: மார்ச்சில் வந்தது என்கிறார்கள், ஜூன் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அட்டையில் போட்ட மாதம், கடைக்காரர் விற்காத பிரதிகளை எடுத்துவிட வேண்டிய காலத்தைக் குறித்தது. இதழ் அதற்குச் சில மாதம் முன்பே கடைக்கு வந்துவிடும்.

கேள்வி: க்வென்னைக் கொன்றது யார்? காப்ளினா, ஸ்பைடர்-மேனா?

இதே கேள்வியைப் பல விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழின் மொத்தக் கனமும் இங்கேதான் இருக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கண் முன் கொண்டுவாருங்கள். கனடாவில் ஹல்க்குடன் மோதிவிட்டு வந்த பீட்டருக்கு ஜலதோஷம், உடம்பு சரியில்லை. பாலத்துக் காட்சியின் தொடக்கத்திலிருந்தே க்வென் மயக்கத்தில் இருக்கிறாள். காப்ளின் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்-மேன் வலையை வீச, அது அவள் கால்களைப் பற்றுகிறது. தலை கீழாக அவள் சட்டென்று நிற்கிறாள். கழுத்தருகே பொடி எழுத்தில் ஒரு சத்தம்: 'ஸ்நாப்'. அதைக் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டியவர்கள் ஏராளம். அந்நாளில் மார்வெலில் படம் முதலில் வரையப்பட்டது, வசனமும் சத்தமும் பிறகு சேர்ந்தன. அந்தச் சொல்லைச் சேர்த்தவர் கான்வே.

ஸ்பைடர்-மேன் அவளை மேலே இழுத்து, காப்பாற்றிவிட்ட பெருமையில் பேசிக்கொண்டே இருக்கிறான். அவள் பதில் சொல்லவில்லை.

அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே தரையைத் தொடும் முன் உயிர் போய்விடும் என்று காப்ளின் சொல்கிறான். அது அபத்தம். விமானத்திலிருந்து குதிப்பவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, பாராசூட்டை விரித்து உயிரோடுதான் இறங்குகிறார்கள். ஆளைக் கொல்வது வேகம் அல்ல, வேகம் நிற்கிற விதம். படத்தில் இருக்கும் புரூக்ளின் பாலத்தின் கோபுரம் தண்ணீரிலிருந்து சுமார் 84 மீட்டர். அவ்வளவு தூரமும் விழுந்தால் நான்கு நொடியில் மணிக்கு ஏறக்குறைய 145 கிலோமீட்டர் வேகம் வரும். அரை நொடியில் நிறுத்தினால் உடம்பு தன் எடையைப் போல் எட்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பத்தில் ஒரு நொடியில் நிறுத்தினால் நாற்பது மடங்கு. காலைப் பிடித்து நிறுத்தும்போது அந்த உதறல் கழுத்தில்தான் போய் முடியும்.

இது ரசிகர்கள் கட்டிவிட்ட கதை அல்ல. 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் மார்வெலே எழுதியது: வலை சட்டென்று நிறுத்திய உதறல்தான் அவளைக் கொன்றது.

கேள்வி: அப்படியென்றால் ஸ்பைடர்-மேன் கொலைகாரனா?

இல்லவே இல்லை. தள்ளியவன் காப்ளின், கொலையும் அவனுடையது. ஆனால் அதுவரை சூப்பர் ஹீரோ கதைகளில் கடைசி நொடியில் நாயகன் கை நீட்டினால் ஆள் பிழைத்தாக வேண்டும். இங்கே நீட்டிய கையே காரணமாகிவிட்டது. 1970 நவம்பர் இதழில் க்வென்னின் அப்பாவும் இறந்தார், அதை இவ்வளவு காலம் யாரும் விவாதிக்கவில்லை. 121ஐ வரலாற்றில் நிறுத்தியது ஒரு சாவு மட்டுமே என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பொடி எழுத்துத்தான் நிறுத்தியது.

கேள்வி: தள்ளும் முன்பே அவள் செத்திருக்கலாமே?

கடிதப் பகுதிப் பதிலை மேலே சொல்லிவிட்டேன். முன்பே செத்திருந்தால் அந்தச் சத்தத்தை அங்கே போட்டிருக்கவே வேண்டாம்.

கேள்வி: இதனால்தான் காமிக்ஸின் வெள்ளி யுகம் (1950களின் நடுவில் தொடங்கிய சூப்பர் ஹீரோ காலம்) முடிந்ததா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். முக்கிய ஓவியர் ஜாக் கிர்பி மார்வெலை விட்டுப் போன 1970ஐ எல்லையாக வைப்பவர்களும் உண்டு. என் பார்வையில் மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. 1971இல் இதே தொடரின் 96, 97, 98 இதழ்கள் போதைப்பொருளைக் காட்டியதால் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகளின் முத்திரை இல்லாமலே வந்தன. 121 அந்த மாற்றத்தை யாரும் மறுக்க முடியாதபடி ஆக்கியது.

கேள்வி: எந்தப் பாலம்?

வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் கற்கோபுரங்களுள்ள புரூக்ளின் பாலம். பிந்தைய சில பதிப்புகளில் வசனத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: என் பிரதி எவ்வளவு போகும்?

நேரில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது. நிலையைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். லாமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: லயன் ஸ்பைடரும் இவரும்...

மேலே பாருங்கள்.

கேள்வி: விலை? இன்னொரு நண்பரும் கேட்கிறார்.

அதே பதில். டேப்பும் வேண்டாம்.

கேள்வி: நாயகன் அழுவதற்காக ஒரு பெண்ணைக் கொன்றது நியாயமா?

நியாயமான கோபம். 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன், நாயகர்களின் கதைக்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோது இந்த வழக்கம் வெட்டவெளிச்சமானது. 121ஐ எவ்வளவு நேசித்தாலும் இதை மறைக்க மாட்டேன்: தான் சாகும் பாலத்துக் காட்சியில் க்வென்னுக்குப் பேச வாய்ப்பே இல்லை. 1975இல் அவள் திரும்பி வந்ததும் குளோன் செய்த ஒரு நகலாகத்தான். 2014இல்தான் வேறொரு உலகத்து க்வென் தானே சிலந்தி உடை போட்டாள்.

கேள்வி: 121 மட்டும் படித்தால் போதுமா?

போதாது, 122ஐயும் சேர்த்துப் படியுங்கள். காப்ளின் தன் பறக்கும் கருவியே மார்பில் பாய்ந்து சாகிறான், ஆனால் அந்த இதழின் உயிர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. துக்கத்தில் பீட்டர் தன் தோழி மேரி ஜேனைக் கடுமையாகப் பேசி வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவுவரை போகிறாள், தயங்குகிறாள், வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே நின்றுவிடுகிறாள். பின்னோக்கிப் போக ஆசை இருந்தால் க்வென்னின் அப்பா இறக்கும் 90ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள். க்வென் முதலில் தலைகாட்டிய 31, ஸ்டீவ் டிட்கோ வரைந்தது, அதைப் பிறகு படித்தாலும் குறையில்லை.