மகளின் கதையில் வரும் அம்மா

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஓசூரில் வசிக்கிறோம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம்தான் 13 வயது முடிந்தது. கதை எழுதுவதில் ஆர்வம் என்பதால் இணையவழிச் சிறுகதை வகுப்பு ஒன்றில் சேர்த்திருக்கிறோம். தமிழில்தான். சனிக்கிழமை மாலை 6 முதல் 7.30 வரை ஜூமில் நடக்கிறது. 12 வாரத்துக்கு 9,000 ரூபாய்.

நான் எம்.ஏ. தமிழ். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அவள் கதைகளை கூகுள் டாக்ஸில் எழுதுகிறாள். ஆரம்பத்தில் எனக்கும் திறந்து பார்க்க, திருத்த அனுமதி கொடுத்திருந்தாள். தினமும் இரவு அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒற்றுப்பிழை, ர-ற பிழை எல்லாம் சரிசெய்து வைப்பேன். இரண்டு வாரத்துக்கு முன் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. கேட்டால் "முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்கிறாள்.

வகுப்பு நடக்கும்போது நான் பக்கத்தில் உட்காரலாமா? எந்த மாதிரி ஹெட்போன் வாங்க வேண்டும்? முடிவில் தரும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? அவள் கதைகளைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்கிறார் என் கணவர். 50 பிரதிக்கு விலை கேட்டிருக்கிறோம். ஏஐயை வைத்து எழுத ஆரம்பித்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. பெற்றோராக நாங்கள் எப்படி உதவுவது?

எஸ்.

பி.கு.: கடைசியாக நான் படித்த கதையில் ஓர் அம்மா வருகிறாள். எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள். படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் நிஜமாகவே கேட்க வந்தது பின்குறிப்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கம் அது. இன்லண்ட் லெட்டர் காலத்தில் பக்கம் பக்கமாக மழை, விளைச்சல், மாடு கன்று போட்டது என்று எழுதிவிட்டு, கோந்து தடவி ஒட்டும் மடிப்பில் நுணுக்கி நுணுக்கி "அப்பாவுக்கு உடம்பு முன்ன மாதிரி இல்லை" என்று எழுதுவார்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். சான்றிதழ் வந்தால் ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் போட்டு வையுங்கள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைக் கேட்கப் போவதில்லை. புத்தகம் வேண்டவே வேண்டாம். நான் சொன்னதாகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பதின்மூன்று வயதில் எழுதியது அச்சாகி, சொந்தக்காரர் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு விநியோகமாகி, பதினெட்டு வயதில் அந்தப் பிரதிகளை எங்கே ஒளித்து வைப்பது என்று பிள்ளைகள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்த 9,000 ரூபாய். அதை இனிமேல் அவளிடம் சொல்லிக்காட்டாதீர்கள். (சொல்லியிருப்பீர்கள். கடிதத்தின் முதல் பத்தியிலேயே தொகை வந்துவிட்டதே.) பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் மகனைத் திருநெல்வேலிக்கு ஆங்கிலப் படிப்புக்கு அனுப்பினார். அப்பாவுக்குச் செலவு ஆயிரம், எனக்கு வந்த தீமை பல்லாயிரம் என்று மகன் தன் வரலாற்றைச் சொல்லும் பாட்டில் கணக்கு எழுதி வைத்துவிட்டார். கவிதை எழுதும் பிள்ளையிடம் காசுக் கணக்குப் பேசினால் அது வேறு கணக்கு எழுதும்.

பக்கத்தில் உட்காரலாமா என்றால், கூடாது. ஆனால் வகுப்பை நடத்துபவர் யார், என்ன எழுதியிருக்கிறார், வகுப்பைப் பதிவு செய்கிறார்களா, அந்தப் பதிவு யார் கையில் இருக்கும், ஆசிரியர் பிள்ளைகளோடு தனித்தனியாக வாட்ஸப்பில் பேசுகிறாரா, இதெல்லாம் விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒற்றுப்பிழை பார்த்த இரவுகளில் ஒரு பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். வாசலில் காவல் நில்லுங்கள், நல்லது. அறைக்குள் உங்களுக்கு என்ன வேலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் கோவில்பட்டி வீட்டை ஒழித்தோம். பரணில் அம்மாவின் தகரப்பெட்டிக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கத்திலிருந்து அம்மாவின் பால் கணக்கு. காலை அரை, மாலை கால். முன்பக்கத்திலிருந்து என் கையெழுத்து. எட்டாவது படிக்கும்போது நான் எழுதிய முதல் கதை. தலைப்பு 'கருப்பி'. எங்கள் வீட்டு ஆட்டின் பெயர்.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். வீட்டிலும் பிரில் சிவப்பு மைப் புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். தலைப்பிலிருந்தே ஆரம்பித்திருந்தார். பதினேழு இடத்தில் 'ரு'வை அடித்து 'று' ஆக்கியிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'கருப்பு என்றால் பஞ்சம். நிறத்துக்கு வல்லின றகரம்.' (இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. புலவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்த உங்களுக்குத் தெரியாததா.) கடைசிப் பக்கத்தில் 6/10, கையெழுத்து, தேதி.

கதை இதுதான். பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். கொட்டிலில் ஆடு இல்லை. "அவுத்துக்கிட்டு ஓடிருச்சுடா" என்கிறார் அப்பா. பையன் இரண்டு நாள் கண்மாய்க்கரை எல்லாம் தேடுகிறான். மூன்றாம் நாள் அக்காவின் சடங்குக்குப் பட்டுப்பாவாடை வந்து இறங்குகிறது. அவனுக்குப் புரிந்துவிடுகிறது. இதில் என் கற்பனை ஒன்றும் கிடையாது. அப்படியே எங்கள் வீட்டில் நடந்தது.

என் பையிலிருந்து நோட்டை எடுத்து, திருத்தி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கதையை நான் கல்லூரி விடுதியில்தான் எழுதினேன். நடுவில் ஆறு வருஷம். இதை ஒரு மனக்குறையாக மேடைகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன மாதம் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. அப்பா பொய் சொல்லும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் மூன்று பிழை இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அவர் கண்ணுக்குத் தப்பக்கூடிய பிழைகளும் அல்ல. அடுத்த பக்கத்திலிருந்து மை மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. அன்றைக்கு இரவு அவரும் தூங்காமல் கிடந்திருப்பாரோ என்னவோ. அதே வாரம்தான் உங்கள் கடிதம் வந்தது.

தாயே, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிழை திருத்துவது ரொம்ப சௌகரியமான காரியம். கதையைப் படிக்காமலிருக்க அதைவிட நல்ல உபாயம் கிடையாது. பக்கத்தைப் பார்த்தோம், பேனாவை ஓட்டினோம், பெற்ற கடமையைச் செய்தோம், எழுந்தோம். பிள்ளை என்ன சொன்னது என்பது காதில் விழவே வேண்டியதில்லை. என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் முடியவில்லை. உங்களுக்கும் பாத்திரம் விழுந்த இடத்தில் முடியாமல் போயிருக்கிறது.

உங்கள் மகளின் வயதுதான் ஆன் ஃபிராங்குக்கும். 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு அவளுக்கு ஒரு டைரி கிடைத்தது. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் அந்த யூதக் குடும்பம் நாஜிகளுக்குப் பயந்து தலைமறைவாகப் போக வேண்டியதாயிற்று. இரண்டு வருஷம், எட்டுப் பேர், சில அறைகள். அந்த நெருக்கடியில் ஒரு பெண்பிள்ளை தன் டைரியை எங்கே வைக்க முடியும்? ஒவ்வொரு இரவும் அப்பாவின் கைப்பெட்டியில் வைப்பாள். பெட்டி அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். திறந்து பார்க்க மாட்டேன் என்று ஒட்டோ ஃபிராங்க் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், பார்க்கவுமில்லை. கையை நீட்டினால் எட்டும் தூரம். வெளியே போக வழியில்லை, பொழுதுபோக வேறொன்றும் இல்லை. நாமாக இருந்தால் மூன்றாம் நாள் திறந்திருப்போம், பிள்ளையின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு.

அவள் எழுதிய வேடிக்கைச் சம்பவங்கள், சின்னக் கதைகள் சிலவற்றை வீட்டாருக்குப் படித்துக் காட்டுவாள். தன்னைப் பற்றி எழுதியதைக் காட்ட மாட்டாள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு அவள் கையில் இருந்தது. கடைசியில் பிடிபட்டு நாஜி முகாம்களுக்குப் போன எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அப்பா ஒருவர்தான். மகள் இனி வர மாட்டாள் என்று தெரிந்த பிறகுதான், 1945இல், அந்தத் தாள்களைப் படிக்கிறார். அவளோடு அவ்வளவு நெருக்கமாக இருந்தவர். அப்படியும் உள்ளே இருந்தது தனக்குத் தெரியாத ஒரு பெண் என்றார். பெரும்பாலான பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரிவதே இல்லை என்றும் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த வீட்டின் துயரத்தை உங்கள் சனிக்கிழமை வகுப்போடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். பெட்டியைத் திறக்காத அந்தக் கையைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்கே உங்களுக்கு. அந்த டைரியில் அம்மாவைப் பற்றி எழுதியது கொஞ்சநஞ்சமல்ல. கசப்பான வரிகள். 1944 ஜனவரி 2 அன்று பழைய பக்கங்களைப் புரட்டுகிறாள். தன் வரிகளைப் படித்துத் தானே அதிர்ந்துபோகிறாள். இப்படி வெறுப்பைக் கொட்டியது நான்தானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அம்மாவின் பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் மே மாதம் முதல் டைரி முழுவதையும் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. முதலில் எழுதியது யார் கையும் படாமல் அப்படியே கிடந்தது. அதனால்தான் திரும்பிப் பார்க்க முடிந்தது. அம்மாவே நடுவில் வந்து "நான் அப்படியா இருக்கேன்?" என்று கண்ணைக் கசக்கியிருந்தால் ஒன்று அந்த வரிகள் அழிந்திருக்கும், இல்லையென்றால் பிடிவாதமாக அங்கேயே நின்றிருக்கும்.

உங்கள் மகள் 'அம்மாவுக்கு எப்பப் பார்த்தாலும் கோபம்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. பாத்திரத்தை நங்கென்று வைக்க வைத்திருக்கிறாள். எழுத்து வகுப்புகளில் மாய்ந்து மாய்ந்து சொல்லித்தருவது இதைத்தான். 9,000 ரூபாயில் பாதி வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா நீங்களா? கொஞ்சம் நீங்கள், கொஞ்சம் எதிர்வீட்டு அம்மா, கொஞ்சம் அவள் படித்த ஏதோ கதையில் வந்தவள். இப்போதைக்கு அவளுக்கு அந்த அம்மாவின் சத்தம் மட்டும் கேட்கிறது. ஏன் வைத்தாள் என்பது ஐந்தாவது முறை எழுதும்போது வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். எனக்கு அப்பாவின் அந்த வெற்றுப் பக்கம் கண்ணில் படப் போன மாதம் வரை ஆகியிருக்கிறது.

ஏஐ பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பிழையில்லாத கதைதான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, பிழையில்லாமல் எழுதித் தருகிற இயந்திரத்திடம்தானே போய் நிற்கும்? அனுப்பி வைத்தது யார்? இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் தோன்றுகிறது. அவள் அந்தப் பக்கம் போகாமல், உங்களைக் கோப்பிலிருந்து விலக்கிவிட்டுத் தானே எழுதுகிறாளே. சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கு அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

"முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்கிறாள். எவ்வளவு மரியாதையான பதில்! காட்டும்போது பேனாவையும் போனையும் எடுத்துத் தூர வைத்துவிட்டு முழுசாகப் படியுங்கள். ஒற்று எங்கும் ஓடிப்போகாது. அவளாகக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்த இடத்தில் சிரியுங்கள். இது நானா என்று மட்டும் கேட்காதீர்கள். கதையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவது, பெரியப்பா நாலு கைதட்டல் படம் அனுப்புவது, அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டுவது, எதுவும் வேண்டாம்.

அப்புறம், 'கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல். அந்த வரிக்கும் நங்கென்று விழுந்த பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது. அது உங்கள் மகள் எழுத வேண்டியதல்ல. தினமும் இரவு ஒரு மணி நேரம் இப்போது சும்மாதானே இருக்கிறது? தனியாக ஒரு டாக்ஸ் திறந்துகொள்ளுங்கள். யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

ஹெட்போன் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். காதை முழுசாக மூடுகிற மாதிரி, மைக்கோடு சேர்ந்ததாக வாங்குங்கள். ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தாலும் காது வலிக்காததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஏழரை வரை குக்கர் வைக்காதீர்கள். மைக் அதையும் பிடித்துவிடும்.